ஆள் அசைந்தால் எரியும் விளக்கு

தீயணைப்புப் பயிற்சி மணி அலறியபோது நான் மாதிரிக் கட்டடத்துக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். மிஞ்சிய துண்டுகளைக்கூட நான் குப்பையில் போடுவதில்லை, சார். எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

கட்டடக்கலை நான்காம் ஆண்டு. கல்லூரிப் பசுமைக் குழுவின் செயலாளர். எங்கள் கட்டடத்தின் விளக்குத் திட்டம் நான் வரைந்தது. ஆள் அசைந்தால் எரியும். ஐந்து நிமிடம் அசைவில்லை என்றால் தானே அணையும். வேறு கல்லூரிகளிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மின்சாரம் எவ்வளவு மிச்சமாகிறது என்று பார்த்தவர் ஒரு சீனியர். எல்லோருக்கும் அவர் 'மீட்டர் அக்கா'. முந்தின நாள் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி, உன் கட்டடம் கரண்டைச் சாப்பிடல, முழுங்குது. நீ எழுதி வச்ச நம்பரெல்லாம் பொய். நாளைக்கு மத்தியானம் கமிட்டிகிட்ட நீயே சொல்லிடு. இல்லன்னா நான் சொல்லுவேன்."

பயிற்சியின்போது அடித்தளத்தில் ஆள் இருந்தால் வெளியேற்றுவது என் பொறுப்பு. கதவைத் திறந்தேன். மீட்டர் பார்க்க அங்கே போயிருந்த அக்கா, மணிச் சத்தத்தில் ஓடிவந்து ஈரப் படியில் வழுக்கி விழுந்து கிடந்தார். தலைக்கடியில் ரத்தம். நான் தள்ளவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

"தூக்குடா தம்பி, எழுந்திரிக்க முடியல. இங்க போன்ல சிக்னலும் இல்ல. ஆம்புலன்ஸ் கூப்பிடு. அதுவும் பேட்டரி வண்டியாத்தான் வரணும்னு அடம் பிடிக்காதே" என்று சிரிக்கப் பார்த்தார்.

கதவைச் சாத்தினேன். 'தரை ஈரம், வராதீர்கள்' பலகையை மாட்டினேன். எல்லோரும் கூடியிருந்த புல்வெளிக்குப் போய், கணக்கெடுத்த ஆசிரியரிடம் கை தூக்கினேன்.

"அடித்தளத்துல யாரும் இல்ல, சார்."

எல்லோரும் வகுப்புக்குத் திரும்பினார்கள். நான் மட்டும் தரையோரம் இருந்த அடித்தளக் கண்ணாடி ஜன்னலைப் பார்த்தபடி நின்றேன்.

அக்கா செத்தது விபத்து என்று முடித்துவிட்டார்கள். அறையைப் பூட்டியாயிற்று. ஆனால் தினமும் பதினொன்றே காலுக்கு, அன்று பயிற்சி மணி அடித்த அதே நேரத்துக்கு, அங்கே விளக்கு எரிகிறது. எலக்ட்ரீஷியன் சென்சாரை இரண்டு தடவை மாற்றிவிட்டு, "பல்லியா இருக்கும்பா" என்றார். பல்லி மணி பார்த்தா வரும்? அது அணைகிறவரை அந்த ஜன்னலை விட்டு என்னால் நகர முடிவதில்லை. அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன்.

நீங்கள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்கிறீர்கள், "விழுந்ததுமே உயிர் போயிருக்கும்னு நினைச்சியாப்பா?"

"இல்ல சார். நாற்பது நிமிஷம் விளக்கு எரிஞ்சுதே. அத்தனை கரண்டும் வீண்."