முடியை வழிக்கும், மாங்காயை வெட்டாது

"இந்தக் கத்தி கைமுடியை வழிக்குதுங்க. மாங்காயைத்தான் வெட்டமாட்டேங்குது."

போத்தனூரில் ரயில் நின்றுகொண்டிருந்தபோது, எதிர்ப் பலகையில் இருந்த கவுண்டர் பக்கத்து ராவுத்தரிடம் இப்படிச் சொன்னார். ராவுத்தர் கோட்டைமேட்டில் கத்திக்குச் சாணை பிடிப்பவராம். பிளந்த மாங்காயில் ஒரு பாதி கவுண்டர் மடியில் கிடந்தது. மறுபாதி தெறித்து என் காலடிக்கு வந்திருந்தது.

ராவுத்தர் அந்த மடக்குக் கத்தியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"எதுலீங்க அடிச்சது?"

"வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டையிலீங்க. ஆசாரி தேச்சு மெலுசாக்கறேன்னான். எம்பட இரும்பு ஒரு பொட்டும் கொறையக்கூடாதுன்னு சொல்லிப்போட்டேன்."

"கூரு இருக்குதுங்க கவுண்டரே. அதுக்குப் பின்னால அலகு செவுராட்டத் தடியா நிக்குதே. கூரு உள்ள போறதுக்குள்ள செவுரு பொளந்துபோடுது. இது கத்தி இல்லீங்க, ஆப்பு."

ராவுத்தர் தம் மடக்குக் கத்தியை எடுத்தார். அலகு வெற்றிலை போல மெலிசு. கவுண்டர் மடியில் இருந்த பாதியைச் சத்தமில்லாமல் சீவி எல்லாருக்கும் நீட்டினார். எனக்கும் ஒரு துண்டு வந்தது.

கவுண்டர் இரண்டு துண்டு தின்றுவிட்டு, "குடுங்க, பாக்கறேன்" என்று அந்த மெலிசுக் கத்தியை வாங்கினார். மிச்சத்தில் ஒட்டியிருந்த கொட்டையை நெம்பினார். அலகு பாதியில் முறிந்தது.

ராவுத்தர் முறிந்த துண்டைப் பொறுக்கி எடுத்தார். கவுண்டர் தம் கத்தியை மடக்கி அவர் கையில் வைத்தார். "வெச்சுக்குங்க ராவுத்தரே. இந்தத் தடிமனை நடுவுல பொளந்தா உங்களுக்கு ரெண்டு கத்தி ஆகுமுங்க."