முந்தி வந்த நாற்காலிகள்

வாடகை நாற்காலிக்காரனிடம் அவசரம் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் வாடகையை ஏற்றுவான், இல்லையென்றால் கால் ஆடுகிறதையெல்லாம் வண்டியில் அள்ளிப் போட்டு அனுப்புவான். அன்றைக்கு நான் அவசரம் என்று சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன். என்றைக்கும் இல்லாத அதிசயமாக அன்று பார்த்து அவன் உடனே கொண்டுவந்து இறக்கிவிட்டான்.

எழுதுகிறவரே, நான் சொல்வதை மட்டும் எழுதுங்கள். எனக்குப் படிப்பு அவ்வளவாகக் கிடையாது. ஆனால் எழுதியதை வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போட மாட்டேன். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் கையால் மாற்றி எழுத வைப்பதுதான் என் பிழைப்பே. எனக்கா தெரியாது.

வாசலில் மக்கள் தொடர்பு என்று பலகை மாட்டியிருக்கிறோம். கம்பெனிக்காரனைப் பற்றி நல்லது நாலு பேர் காதில் விழ வேண்டும், கெட்டது விழக் கூடாது. அவ்வளவுதான் தொழில். இப்போது மருமகன் பார்த்துக்கொள்கிறான். ஓட்டலில் கூட்டம் போட்டு, கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒருத்தனுக்கு ஒருத்தன் விசிட்டிங் கார்டு நீட்டுவார்கள்.

"இதுக்குப் பேருதான் மாமா நெட்வொர்க்கிங்."

"சீட்டாட்டத்துலகூட இத்தனை அட்டை கை மாறாது மாப்பிள்ளை. அதுல ஒருத்தனாவது ஜெயிப்பான்."

என் வழி வேறு. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போ என்பார்கள். நான் முதல் ஆளாகப் போவேன். கல்யாணத்துக்கு வந்தவனை எவனும் நினைவில் வைப்பதில்லை. சாவு வீட்டுக்கு முதலில் வந்து, வாசலில் நாற்காலி போட்டு, வண்டிக்குச் சொல்லி, அழுகிறவர் கையில் தண்ணீர் கொடுத்தவனை யாரும் மறக்க மாட்டார்கள். அப்புறம் அவர்களிடம் நான் எதையும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. இந்த ஊரில் எனக்குத் திறந்திருக்கிற கதவெல்லாம் அப்படித் திறந்தவைதான்.

ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை. ஒரு பத்திரிகையின் ஆசிரியர். எங்களுக்குச் சோறு போட்ட சாயத் தொழிற்சாலையின் கழிவுநீரைப் பற்றி அவர் விசாரித்துக்கொண்டிருந்தார். அது அச்சில் வந்தால் தொழிற்சாலை போகும், அதோடு நானும் போவேன். அவரைப் பார்க்கப் போனேன். நான் வாங்கிக் கொடுத்த டீக்குக் காசை மேசையில் வைத்தார். கொடுத்த பேனாவை ஆள் வைத்துத் திருப்பி அனுப்பினார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்த அம்மி நகரவில்லை.

அவருக்கு ஒரு தம்பி இருந்தார். சின்னவர் என்று கூப்பிடுவோம். கல்யாணம் செய்துகொள்ளாதவர், அண்ணன் வீட்டிலேயே இருந்தார். நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்தார். எனக்கு அங்கே ஆள் உண்டு. தெரிந்துகொண்டு போனேன். ஆசிரியருக்கு வேலை, அவர் மனைவிக்கு வீடு. பகலில் உட்கார ஆள் இல்லை. நான் உட்கார்ந்தேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன், முதுகைத் துடைத்துவிட்டேன். வேடிக்கையான மனுஷன். "அண்ணே, எங்கண்ணன் உங்களை உள்ளேயே விடமாட்டார்னு கேள்விப்பட்டேன். என்னைப் புடிச்சா அவரைப் புடிச்சிரலாம்னு வந்தீங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

நர்ஸம்மாவுக்கு என்மேல் நல்ல மரியாதை. அவள் மகனுக்கு ஓர் இடத்தில் வேலை சொல்லி வைத்திருந்தேன். நான் இருந்தால் அந்தப் படுக்கையை அவள் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

சின்னவர் எப்படியும் போகிறவர்தான் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. அன்று காலையில் டாக்டர் வந்து, தேறிவிட்டார், இன்னும் இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம், அதுவரை ஆக்சிஜன் குழாயை மட்டும் ஒரு நிமிஷம்கூட எடுக்கக் கூடாது என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். பிழைத்தவன் வீட்டில் நன்றி ஒரு வாரம் இருக்கும். ஆசிரியர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நான் உரித்த ஆரஞ்சுக்கும் காசு கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொள்வார். பிறகு கழிவுநீர்ச் சேதி அச்சுக்குப் போகும்.

ஆக்சிஜன் உருளையின் திருகைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்து வைத்தேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். வெளியே வந்து நர்ஸம்மாவிடம், "இப்பத்தாம்மா கண்ணசந்தார், எழுப்பிராத" என்றேன். "நீங்க சொன்னா சரிங்கய்யா" என்றாள். அங்கிருந்தே நாற்காலிக்காரனுக்குப் போன் போட்டு ஆசிரியர் வீட்டு விலாசத்தைச் சொன்னேன். நான் போய்ச் சேருவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்துவிடும், அழுகை தொடங்கிய கையோடு நான் படியேறுவேன் என்பது கணக்கு.

என் கணக்கில் ஒன்று தப்பியது. எழுப்பாதே என்றதும் அவள் நிஜமாகவே எழுப்பவில்லை. அந்த அளவுக்கு நல்ல பழக்கம்.

நான் போனபோது வாசல் முழுக்க வெள்ளை நாற்காலி. ஆசிரியரின் மனைவி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சின்னவருடைய சட்டைதான், வீட்டுக்கு வரப்போகிறார் என்று துவைத்திருக்கிறாள்.

"என்னண்ணே இது, எங்க வீட்ல கல்யாணமா? எனக்கே சொல்லலையே" என்றாள், சிரித்துக்கொண்டு.

நான் கோணலாக நின்ற ஒரு நாற்காலியை நேராக்கி வைத்தேன். ஆசிரியர் பாதி முகத்தில் சவர நுரையோடு வெளியே வந்து நாற்காலிகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் உள்ளே போன் அடித்தது.

எல்லாவற்றையும் நானே பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து ஆசிரியர் என் தோளில் முகம் வைத்து அழுதார். பத்திரிகையிலிருந்து யாரோ கழிவுநீர்ச் சேதி என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்பா" என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. அதைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இதை நன்றாக எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டில் ஒருவன். வாரம் தவறாமல் போவேன். சின்னவர் உட்காரும் இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். அந்தம்மா காப்பியை நீட்டிவிட்டு, டம்ளரை விடாமல் கேட்பாள்: "அன்னைக்கு உங்களுக்கு யாருண்ணே சொன்னது?" ஒரு முறை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் என்றேன். ஒரு முறை மனசுக்குத் தோன்றியது என்றேன். அவள் சரி என்று டம்ளரை விடுவாள். அடுத்த முறை திரும்பக் கேட்பாள். என் வீட்டில் பல் துலக்கும்போதும் அந்தக் குரல் கேட்க ஆரம்பித்தது. எங்கள் தொழிலில் கூட்டம் என்றால் வாடகை நாற்காலிதான். கடைசி வரிசையில் எப்போதும் ஒருத்தர் மூச்சுக்குத் திணறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கிட்டே போனால் நாற்காலி காலியாக இருக்கும். அதில் எதிலும் நான் உட்காருவதில்லை. இத்தனை பெரிய மனுஷனுக்கு என்ன பணிவு பாருங்கள் என்று ஊர் சொன்னது.

போன மாதம் ஆசிரியருக்கு ஓய்வு விழா. நான்தான் நடத்தினேன். அந்தக் குடும்பத்துக்கு உதவிய ஒருத்தரையும் விடக்கூடாது என்று நர்ஸம்மாவையும் கூப்பிட்டேன். ஒருத்தரை ஒருத்தருக்கு அறிமுகப்படுத்துவது என் பழக்கம். வாய் தானாகப் பேசும். "இந்தம்மாதான் சின்னவரைக் கடைசியில பார்த்துக்கிட்டது" என்று ஆசிரியர் மனைவியின் கையில் அவள் கையைப் பிடித்துச் சேர்த்துவைத்தேன்.

நர்ஸம்மா வெள்ளந்தி. "ஐயா தூங்குறார்னு சொல்லிட்டுப் போனாரும்மா, அதான் ரொம்ப நேரம் நான் எழுப்பவே இல்லை. பார்த்ததும் முதல் போன் உங்க வீட்டுக்குத்தான் போட்டேன். வேற யாருக்கும் தெரியாது" என்றாள்.

ஆசிரியரின் மனைவி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இனிமேல் கேட்கவும் மாட்டாள். அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்றால் நம்புவீர்களா? நம்பாவிட்டால் போங்கள். நானும் யாரையும் நம்புகிறவன் இல்லை.

நேற்று ஆசிரியர் இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தாரே, நீங்கள்தான் அழைத்து வந்தீர்கள். ஏன் செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. "அவன் ஏதாவது சொன்னானா?" என்று மட்டும் கேட்டார். இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டார் என்றேன். அது பொய். உங்களுக்கு நிஜத்தைச் சொல்கிறேன், அவரிடம் சொல்ல வேண்டாம். சின்னவர் முழித்துக்கொண்டார். என் மணிக்கட்டைப் பிடித்து, இன்னொரு கையால் திருகைக் காட்டினார். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று விரலால் சுற்றிக்கூடக் காட்டினார். எனக்குத் திறக்கத் தெரியவில்லை என்று நினைத்துவிட்டார், பாவம். அந்த விரல் நிற்கிறவரைக்கும் நான் பக்கத்திலேயே இருந்தேன். வேறு யார் இருந்தார்கள்?

போகும்போது ஆசிரியர் தடுமாறினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொள்ளத் தெரியவில்லை. உங்கள் ஆட்கள் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்னை எப்போது விடுவீர்கள் என்று சொல்லுங்கள். இந்த அடி அவர் உடம்பு தாங்காது. நாளைக்கே அவருக்கு ஒன்று என்றால், அந்த வீட்டுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?