இரண்டிலும் எட்டு

நூரிஸ்: மறுபடி போடு. நம்ம ஊருக்கு ரெண்டு ரன், வந்தவங்களுக்கு அஞ்சு.

எலிஹியோ: போட்டுட்டேன்.

நூரிஸ்: ஸ்கோர் பலகைல என்ன தெரியுது?

எலிஹியோ: எட்டு.

நூரிஸ்: எதுல?

எலிஹியோ: ரெண்டுலயும்...

நூரிஸ்: ஆட்டமே தொடங்கல, ஆளுக்கு எட்டு ரன். நல்லா இருக்குய்யா!

எலிஹியோ: நேத்து வீட்ல ஒழுங்காத்தானே காட்டுச்சு?

நூரிஸ்: வீட்ல அஞ்சு வோல்ட்டுல சின்ன விளக்க வச்சுப் பாத்தோம். இது ஆள் உசர எண்ணு, லாரி பேட்டரி, பன்னெண்டு வோல்ட். நாலு மணிக்கு பேஸ்பால் சங்கத்துக்காரங்க வந்து உக்காந்துடுவாங்க. இது சரியா எரிஞ்சாத்தான் லா வேகா சுத்துவட்டாரத்துல ஆறு மைதானத்துக்கும் நம்ம பலகை. இல்லேன்னா தலைநகர்க் கம்பெனிக்குப்...

எலிஹியோ: தெரியும்டி, தெரியும்.

நூரிஸ்: பின்மூடியத் திற. ம்... எலிஹியோ.

எலிஹியோ: என்ன?

நூரிஸ்: பெரிய டிரான்சிஸ்டர் ரெண்டும் இருக்கு. அதுக்கு முன்னால நான் வச்ச சின்னது ரெண்டும் எங்க?

எலிஹியோ: அது... தண்டமா எதுக்குன்னு எடுத்துட்டேன். சிப்லேருந்து நேரா பெருசுக்கே ஒயர் குடுத்துட்டேன். வீட்ல வேலை செஞ்சுதே!

நூரிஸ்: வீட்ல பலகைக்கும் அஞ்சு, சிப்புக்கும் அஞ்சு. சரிக்குச் சரி. இங்க பெருசு தலைமேல பன்னெண்டு நிக்குது. சிப் தன்னோட அஞ்ச வச்சுக்கிட்டு 'அணைஞ்சுக்கோ'ன்னா அது மதிக்குமா? ரெண்டு எண்ணுக்கும் ஒரே ஒயர்தானே, ஒண்ணு எரியறப்போ மத்தது அணையணும்; இப்ப ரெண்டும் அணையவே மாட்டேங்குது. ரெண்டு மேல அஞ்சு விழுந்து, எல்லாக் கோடும் எரிஞ்சு எட்டாயிடுச்சு.

எலிஹியோ: சின்னது இருந்தா?

நூரிஸ்: சிப் சொன்னா சின்னது கேக்கும். அது கைய விட்டா, பன்னெண்டே பெருச அணைச்சிடும். சிப் கருகாம இருக்கறதே நம்ம புண்ணியம்.

எலிஹியோ: ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடவா?

நூரிஸ்: ஞாயித்துக்கிழமை எவன் கடை திறந்து வச்சிருக்கான்? கழட்டினத எங்க வச்ச?

எலிஹியோ: வீட்ல... எங்கயோ... எலி கிலி இழுத்துட்டுப் போயிருக்கும்.

நூரிஸ்: எலிக்கு எதுக்குய்யா டிரான்சிஸ்டர்? மணி ரெண்டரை. வண்டி சீட்டுக்குக் கீழ ஒரு சாக்கு இருக்கு பாரு, எடு.

எலிஹியோ: எந்தச் சாக்கு?

நூரிஸ்: உன் கார்னிவல் பிசாசு முகமூடி இருக்கற சாக்கு. மாறி மாறிச் சிமிட்டுற ரெண்டு கண்ணு, கண்ணுக்கு ஒரு சின்ன டிரான்சிஸ்டர். நான்தான் காலைல தூக்கிப் போட்டேன்.

எலிஹியோ: நூரிஸ்... உங்கம்மா போய் வருஷம் திரும்பல, கார்னிவல் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினேன். நெசந்தான். ஒரே ஒரு ஞாயிறு போயிட்டேன்... மனசு கேக்கல. வேஷம் கட்டி, வேடிக்கை பாக்க நிக்கறவங்க பின்பக்கத்துல ஊதின பையால நாலு சாத்து சாத்தலேன்னா எனக்கு வருஷமே பொறக்காது.

நூரிஸ்: தெரியும்.

எலிஹியோ: எந்தப் பய போட்டுக் குடுத்தான்?

நூரிஸ்: யாரும் இல்ல.

எலிஹியோ: முகமூடியக் கழட்டவே இல்லையே நான்! நீயும் அன்னிக்குப் பூரா வீட்ல செபமாலை சொல்லிட்டு இருந்தியே!

நூரிஸ்: பலகாரக் கடை முன்னால மஞ்சப் பாவாடைக்காரி ஒருத்திய ஓங்கிச் சாத்தினியே... ரெண்டு நாள் உக்கார முடியலய்யா எனக்கு.