இடதுபக்க வரிசை

— குனியாதீங்க, குனியாதீங்க! நீங்க குனிஞ்சா டம்ளரும் சேர்ந்து குனியுது. பாருங்க, என் கழுத்தெல்லாம் தண்ணி.

— சரி சரி, முழங்கால்லயே இரு, எந்திரிக்காதே. மறுபடியும் முதல்லேருந்து. இது வெறும் டம்ளர். நாளைக்குச் சர்ச்சுல திருவிருந்துக்கு வெள்ளிக் கிண்ணம், உள்ள திராட்சை ரசம். கனமே வேற மாதிரி இருக்கும். அடேங்கப்பா, நெனச்சாலே மலைப்பா இருக்கு!

— காலைலேருந்து இதையேதான் சொல்லிக்கிட்டிருக்கீங்க. ஒரு வாய் சாப்பாடு எறங்கல.

— எப்படிமா எறங்கும்? சர்ச் வேனுக்கு ஆயில் மாத்தறதுக்குத்தான் இத்தன நாளா என்னக் கூப்பிடுவாங்க. கிண்ணம் தூக்கறதுன்னா வாத்தியாரு, வக்கீலு, பேங்க் மேனேஜரு. முதல் தடவையா ஒரு மெக்கானிக்! பாஸ்டரே ஒர்க்‌ஷாப்புக்கு நடந்து வந்து சொல்றாரு. நான் கார் அடியில படுத்திருக்கேன். ஷூவ மட்டும் பாத்துட்டு, "வண்டி நாளைக்குத்தான் சார் கிடைக்கும்"னு சொல்லிட்டேன்!

— இந்தக் கதைய ஊரே கேட்டாச்சு. இப்ப நான் யாருன்னு சொல்லுங்க. கை நடுங்குது, மோவாய் மேல வரவே மாட்டேங்குது.

— ரிட்டையர்டு டீச்சரம்மா!

— ஆங். அவங்க கையில கிண்ணத்த விட்டுறாதீங்க. நீங்களே உதட்டுல வச்சு லேசா சாய்க்கணும். தினம் தினம் ஆஸ்பத்திரில அத்தன பேருக்கு மருந்து குடிக்க வைக்கறவ நான், சொல்றதக் கேளுங்க. சாய்ச்சதும் நிமித்திட்டு...

— வெள்ளத் துணியால விளிம்பத் தொடச்சு, கொஞ்சம் திருப்பி, அடுத்த ஆளு. பாத்தியா, ஒரு சொட்டு சிந்தல!

— இப்ப?

— நெஞ்ச நிமித்திக்கிட்டு, மூச்ச இழுத்துப் புடிச்சிக்கிட்டு... பாட்டுக் குழுவுல அடிக்குரல்ல பாடுவாரே, மீசைக்காரரு!

— மீசை நனையாமக் குடுங்க.

— மீசைக்குள்ள வாய் எங்க இருக்குன்னே தெரியாதே, நர்ஸம்மா!

— சிரிக்காதீங்க, சிந்தும்! நாளைக்கு அங்க போய்ச் சிரிச்சு மானத்த வாங்கிடாதீங்க. சரி, மீசைக்காரர் எந்திரிச்சுப் போயாச்சு. இப்ப வந்திருக்கறது யாரு?

— நெத்தியச் சுருக்கற. எடது தோளு கொஞ்சம் எறங்கியிருக்கு. அப்புறம்... ஏய். வேணாம்.

— யாருன்னு சொல்லுங்க.

— விளையாடாதே.

— விளையாடல. எங்க அண்ணனும் நாளைக்கு வருவாருல்ல? அவருக்கும் குடுக்கணும்ல? குடுங்க.

— அவரு எப்பவும் வலதுபக்கம். எனக்கு இடதுபக்க வரிசை. அந்தப் பக்கம் வக்கீல் பாத்துக்குவாரு. பாஸ்டர் பிரிச்சே சொல்லிட்டாரு. அத மொதல்ல கேட்டுக்கிட்டுத்தான் நான் சரின்னே சொன்னேன்.

— நாளைக்கு அண்ணன் இடதுபக்கம்தான் வராரு. காலைல அண்ணி ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லிட்டுப் போனாங்க.

— எதுக்கு? அத்தன பேர் முன்னாடி என் கையத் தட்டி விடறதுக்கா?

— அவர் எதுக்குங்க தட்டி விடறாரு?

— அன்னிக்கு என்ன சொன்னாரு? சர்ச் வாசல்ல நின்னுக்கிட்டு, "இந்தக் கையில எதையும் நம்பிக் குடுக்காதீங்க"ன்னு சொன்னாரா இல்லையா? "மச்சான், பிரேக் வேல இன்னும் முடியல, வண்டிய எடுக்காதீங்க"ன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். சாவிய எடுத்துட்டுப் போனது அவரு. செவுத்துல கொண்டு போய் இடிச்சது அவரு. கெட்ட பேரு எனக்கு!

— வண்டில அவர் பொண்ணு இருந்தா. பிள்ளை கால் ஒடிஞ்சு கெடந்துச்சு. அந்த ஆத்திரத்துல என்ன பேசறோம்னு தெரியாமப் பேசிட்டாரு.

— சரி, தெரியாமப் பேசினாரு. அப்புறம் நாலு வருஷம் ஓடிப்போச்சே. தெரிஞ்சு பேசறதுக்கு அது பத்தாதா?

— நீங்க மட்டும் பேசினீங்களா? அந்தப் பிள்ளைய ஒரு தடவ வந்து பாத்தீங்களா? அப்ப அவ படுத்திருந்தது நான் வேலை பாக்கற ஆஸ்பத்திரிலதான. தினம் வாசல் வரைக்கும் என்னக் கொண்டாந்து விடுவீங்க. உள்ள வர மாட்டீங்க.

— அத மட்டும் சொல்லாதே.

— சொல்லுவேன். கூடப் பொறந்தவன் வீட்டு வாசல மிதிக்காம நானும்தானே கெடக்கேன்? நகத்துல இருக்கற கிரீஸ சோப்புத்தூள் போட்டுப் போட்டுச் சுரண்டியாச்சு. சட்டைக்குக் கஞ்சி போட்டாச்சு. ஷூவுக்குப் பாலிஷ் போட்டாச்சு. மனசுக்கு என்ன பண்ணீங்க?

— ஜெபம் பண்ணேனே! முட்டி தேயத் தேயப் பண்ணேன். ஒவ்வொருத்தர் பேராச் சொல்லி...

— எங்க அண்ணன் பேரையுமா?

— அந்த எடத்துல கொஞ்சம் வேகமாப் போயிட்டேன்.

— நல்லா இருக்கு போங்க!

— உண்மையச் சொல்லவா? கோவம்லாம் எப்பவோ போயிடுச்சு. பயம்தான் இருக்கு. அவர் மொகத்தப் பாத்தா என் கையில இருக்கற கிண்ணம் சிந்தும். "அன்னிக்கே சொன்னேனே"ன்னு அவர் நெனப்பாரு. சுத்தி இருக்கற சனமும் நெனைக்கும். ஆண்டவரோட மேசைக்கு முன்னாடி அந்த அவமானம் எனக்கு வேணாம். அந்தப் போன எடு.

— யாருக்கு?

— பாஸ்டருக்கு. வேற யாரையாவது வச்சுப் பாத்துக்கட்டும். இப்படி ஒரு மனச வச்சுக்கிட்டு அந்தக் கிண்ணத்தத் தொடறதே தப்பு.

— இவ்வளவு நேரம் சின்னப் பிள்ளை மாதிரி குதிச்சீங்களேங்க.

— குதிச்சேன். ஆசைதான். யாருக்குத்தான் ஆசை இருக்காது? பாஸ்டர் பாவம், போன வருஷம்தான் இங்க வந்தாரு, எங்க ரெண்டு பேர் விஷயம் எதுவும் தெரியாம, ஏதோ நல்ல மனசுல என்னப் போய்த் தேர்ந்தெடுத்துட்டாரு. இரு, ரிங் போகுது.

— கட் பண்ணுங்க.

— விடு, பேசிடறேன்.

— மொதல்ல கட் பண்ணுங்க, சொல்றேன். அண்ணி சொல்லவே கூடாதுன்னாங்க, இனிமே என்னால அடக்க முடியாது. கிண்ணம் தூக்கச் சொல்லி பாஸ்டர் மொதல்ல கேட்டது உங்கள இல்லங்க, எங்க அண்ணன. "கிண்ணத்த எங்க மாப்பிள்ளை கையில குடுங்க பாஸ்டர், அந்தக் கையிலேருந்துதான் நான் வாங்கிக் குடிக்கணும்"னு சொன்னதே அவருதான்.