மேலே போட்டிருந்ததை வாசிக்கவில்லை

சாப்பிட உட்காரும்போது இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்கிற ஆள் நானில்லை, சார். மூடியைத் திறக்கும்போது தெரிந்துகொண்டால் போதும் என்று இருப்பேன். அந்தப் புத்திதான் என்னை இந்த ஸ்டேஷனில் உங்கள் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. பேசினால் உளறுவேன், பேப்பர் கொடுத்தீர்கள், எழுதுகிறேன். எனக்கு எழுத்து வந்ததே நாற்பத்தாறு வயதில்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளணும்.

முத்தையாபுரத்தில் உப்பு பாக்கெட் போடுகிற ஷெட்டில் மூட்டை தூக்குகிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை பார்க்கிறவர்களுக்குச் செல்போனில் கதை வாசித்துக் காட்டுவேன். பெரிய புத்தகமெல்லாம் இல்லை. ஏழரை மணி சீரியலில் துருவனையும் மகிழினியையும் பிரித்துவைத்தே கதையை முடித்துவிட்டார்கள். அது பொறுக்காத ரசிகர்கள் அவர்களை வைத்துத் தாங்களே கதை எழுதி ஒரு ஆப்பில் போடுகிறார்கள். முதுகில் மூட்டைத் தழும்போடு மகிழினிக்காக மூக்கைச் சிந்துகிற கிழட்டுப் பயல் தூத்துக்குடியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்தக் கதைகளுக்கு மேலே டேக் என்று சின்னச் சின்னக் கட்டமாகப் போட்டிருப்பார்கள். மாமியார் கொடுமை, மறுமணம், சுப முடிவு என்று, உள்ளே வரப்போவதையெல்லாம் வாசலிலேயே சொல்லிவிடுவது. நானும் ஒரு எழுத்து விடாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். லாரியில் லோடு ஏற்றுகிற ஜீவமணி சிரிப்பான்.

"ரெண்டு பேரும் சேந்துருவாவன்னு மேலயே போட்டிருக்கான். பொறவு எதுக்கு அண்ணாச்சி எழுத்துக் கூட்டிக்கிட்டுக் கெடக்கீய?"

எல்லாரும் கை கழுவப் போய்விடுவார்கள். துருவன் தாலி கட்டும்போது என் எதிரே ஒரு நாய் உட்கார்ந்திருக்கும். இந்த டேக்தான் கதையைக் கெடுக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

டேக் வேண்டும் என்று சொன்னது பேச்சிச்செல்வி மட்டும்தான். பாக்கெட் ஒட்டுகிறவள். அவளுடைய நாலு வயது மகள் உப்பளத்துத் தொட்டியில் விழுந்து இறந்து ரெண்டு வருஷம் ஆகிறது.

"பிள்ளை சாவுற கதைன்னா முன்னக்கூட்டியே சொல்லிருங்க அண்ணாச்சி. நான் குழாயடிக்குப் போயிருதேன்," என்பாள். சரி என்றிருந்தேன்.

ஒருநாள் மேலே போட்டிருந்ததை வாசிக்கவில்லை. கதை கெடக்கூடாது என்றுதான். மகிழினியின் குழந்தை காய்ச்சலில் போய்விடும் என்று கட்டத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு, கட்டை விரலால் மூடிக்கொண்டேன். அந்த இடம் வந்தபோது பேச்சிச்செல்வி கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. சத்தமில்லாமல் அழுதாள். அவளைப் பார்த்து மற்ற பெண்களும் அழுதார்கள். ஜீவமணி பீடி அணைந்தது தெரியாமல் இருந்தான். என் வீட்டில் நான் வாயைத் திறந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள், சார். அன்றைக்கு ஒரு ஷெட்டே எனக்காக மூச்சை அடக்கியது. என் வாசிப்பு அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவள், "ஏன் அண்ணாச்சி சொல்லல?" என்று கேட்டாள்.

"அதுல ஒண்ணும் போடலியே, ஏளா," என்றேன். நம்பினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

அதற்குப் பிறகு அந்த மாதிரிக் கதையாகவே தேடினேன். எப்படி என்று கேட்பீர்கள். டேக்கை வைத்துத்தான். 'குழந்தை இறப்பு' என்ற கட்டத்தை அமுக்கினால் வரிசையாக வந்து நிற்கும். டேக் வாசிப்பைக் கெடுக்கிறது என்று ஷெட் முழுக்கப் பிரசங்கம் பண்ணியவனுக்கு அதைப்போல உதவியது வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு தடவையும் போடவில்லை என்றே சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நம்பினாள்.

கதைகள் தீர்ந்தன. நானே எழுத உட்கார்ந்தேன். எழுத்துக் கூட்டுகிறவன் எழுத்தாளன் ஆகிவிட்டேன். மகிழினிக்கு ஒரு மகளைக் கொடுத்தேன். பச்சைக் கவுன், ஒற்றைக் காலில் கொலுசு, தொட்டி ஓரத்தில் கவிழ்ந்து கிடந்த தீனி டப்பா. எல்லாம் பேச்சிச்செல்வி என்னிடம் சொல்லி அழுதது. எனக்குக் கற்பனை அவ்வளவாக வராது.

போன வியாழக்கிழமை வாசித்தேன். கவுன் வந்ததும் அவள் நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி, போதும். நிப்பாட்டுங்க," என்றான் ஜீவமணி.

நல்ல கதைக்கு அப்படித்தான் சொல்வார்கள் என்று மேலே போனேன். குழந்தை தண்ணீருக்குள் போன இடத்தில் வேலைக்கு மணி அடித்தது. அவள் என் சட்டையைப் பிடித்தாள்.

"பிள்ளை பொழைக்குமா அண்ணாச்சி? அத மட்டும் சொல்லிருங்க. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

ஒரு வார்த்தைதான், சார்.

"இப்பமே சொல்லிட்டா நாளைக்கு என்ன இருக்கு? நாளைக்குக் கேளு," என்றேன்.

அவள் பாக்கெட் ஒட்டப் போகவில்லை. ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற தொட்டியிலிருந்து ஜீவமணிதான் அவளைத் தூக்கிவந்தான். பெரியாஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை என்கிறார்கள்.

தள்ளிவிட்டாயா என்று கேட்டீர்கள். இல்லை. நான் அவள் பக்கத்தில்கூடப் போகவில்லை. தெரிந்து செய்தாயா என்றும் கேட்டீர்கள். தெரிந்துதான் செய்தேன். அவள் அழுதால்தான் மற்றவர்கள் உட்காருவார்கள். அவள் அழ வேண்டும் என்றே எழுதினேன்.

அவள் கண் விழித்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். குழந்தை பிழைத்துவிடுகிறது, சார். அந்தப் பக்கங்களை இன்னும் எழுதவில்லை, ஆனால் பிழைத்துவிடும். நான் வந்து வாசிக்கிறவரை நீங்கள் யாரும் அவளிடம் அதைச் சொல்லிவிட வேண்டாம். கேட்கிற சுவை போய்விடும்.