ஒரு சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு

– ‘இந்தக் கணக்கை உனக்கு யாரும்மா போட்டுக் குடுத்தா?’ன்னு மெட்ராஸ்ல ஒரு புரொபசர் என்னைச் சபை நடுவுல நிக்க வெச்சுக் கேட்டான். அன்னிக்குக்கூட எனக்கு இப்படி வயிறு எரியலே, அண்ணே. மாங்கா பழுக்க வெக்கற கொட்டாயிச் சுவத்துக்கு எவன் சுண்ணாம்பு அடிச்சது?

– நான்தான் அடிக்கச் சொன்னேன். நம்ம தோட்டத்து ஆளு திம்மராயன் அடிச்சான். அதுக்கு இப்ப என்னாங்கறே, ருக்கு?

– அதுல என் கணக்கு இருந்துச்சு.

– கணக்கா? கரிக்கட்டையால கிறுக்கி வெச்சிருந்தே. நாளைக்கு நம்ம வெங்கடம்மாவைப் பொண்ணு பாக்கத் தொரப்பள்ளியில இருந்து வர்றாங்க. பந்தி அந்தக் கொட்டாயிலதான் போடணும். உன் கிறுக்கலைப் பாத்தா, செய்வெனை எழுதி வெச்சிருக்காங்கன்னு பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓடிருவாங்க.

– செய்வெனையா! லீவு கெடைச்சப்பல்லாம் ரயிலு, பஸ்ஸுன்னு ஓடியாந்து நான் எழுதினது அது.

– காயிதத்துல எழுதறதுதானே? பாடம் சொல்லித் தர்ற டீச்சரம்மாவுக்கு அந்தக் காலேஜுல காயிதம் தர மாட்டாங்களா?

– காயிதத்துல ஒரு துண்டுதான் தெரியும். எனக்கு மொத்தமும் ஒரே பார்வையில தெரியணும். எட்டி நின்னு பாத்தாத்தான் எங்கே ஓட்டைன்னு புரியும். ஒரே ஒரு எடத்துல மாட்டிக்கிச்சு. அங்க வட்டம் போட்டு வெச்சிட்டுப் போனேன். தை மாசம் அதே புரொபசர் முன்னால போட்டுக் காட்டணும். இப்ப எதைக் காட்டறது, உன் சுண்ணாம்பையா?

– காட்டாட்டிப் போ. குடி முழுகிடாது.

– ஏனுங்க, மெதுவாப் பேசுங்க. தெருக்கோடி வரைக்கும் கேக்குது. வர்றவங்க காதுக்குப் போச்சுன்னா எம்பொண்ணு கதி?

– நீ சும்மா இரு, அண்ணி. பந்திக்குன்னா எல்லாச் சுவத்துக்கும்தானே அடிச்சிருக்கணும்? எதிர்ச் சுவுரு பொகை புடிச்சு அப்படியே நிக்குது. என் சுவுரு மட்டும் என்னத்துக்கு? வாயைத் தொற, அண்ணே!

– சொல்லித் தொலைங்க. இல்லே, நான் சொல்லட்டுமா?

– உன் எழுத்து மட்டும் இருந்தா உட்டிருப்பேன், ருக்கு. நீ போட்ட வட்டத்துக்கு அடியில வேற எழுத்து. கோணல்மாணலா, தரை முட்டற வரைக்கும். கரிக்கையோட நின்னுக்கினு இருந்தா வெங்கடம்மா. உட்டேன் ஒரு அறை.

– வெங்கடம்மாவா? அஞ்சாவதோட நீ பள்ளிக்கூடத்தை நிறுத்தினியே, அவளா?

– ஆமா, நிறுத்தினேன். உன்னைப் படிக்க வெச்சு இந்தக் குடும்பம் பட்டது பத்தாதா? மாமன் மவனை வேணாம்னுட்டு மெட்ராசுக்குப் போனே. அம்மா அந்த ஏக்கத்துலயே போய்ச் சேந்துது. இன்னொருத்தியையும் அப்படி உடுவனா?

– அவளுக்கு எப்படித் தெரியும் அதெல்லாம்?

– எப்படியா? அந்தக் கொட்டாயில சன்னலு ஏது? உனக்கு லாந்தர் புடிச்சது யாரு, நாத்தனா? நீ வாய்விட்டுச் சொல்லிக்கினே எழுதுவே. எம்பொண்ணு கை கடுக்கக் கேட்டுக்கினே நிப்பா. ஒரு நாளாவது திரும்பிப் பாத்து, ‘உக்காருடி’ன்னியா நீ?

– என்ன எழுதியிருந்தா, அண்ணே? முடிச்சிருந்தாளா? கடைசி வரி என்ன?

– எனக்கென்ன தெரியும்? அழிச்சாச்சு.

– பாவி! நான் தாண்ட முடியாத எடம் அது! வெங்கடம்மா! வாடி இப்படி. கன்னம் வீங்கியிருக்கே… அழாதே. உங்கப்பனை நான் பாத்துக்கறேன். அத்தைகிட்ட நெசத்தைச் சொல்லு. அதை உனக்கு யாரு போட்டுக் குடுத்தா?

– அடிப்பாவி நாத்தனா, அந்தப் புரொபசர் கேட்டதையேதானே நீயும் கேக்கறே! வெங்கி, எங்கடி போறே? வாசலைத் தாண்டாதே… வெங்கி! உங்கத்தையை ஒரு வார்த்தை திட்டிட்டாவது போடி!