காணவில்லை பக்கம்

எனக்குத் தொலைபேசியில் பேசவே பிடிக்காது. வீட்டில் மணியடித்தால் அம்மாதான் எடுப்பார். மூன்று வருடமாக நான் செய்தது தொலைபேசியில் விளம்பரம் பிடிக்கும் வேலை என்பதால் இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், சார்.

எங்கள் ஆபீஸ் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கிறது. பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஊர்களுக்கு வாராவாரம் விளம்பரப் பத்திரிகை போடுகிறார்கள். காலையில் ஒருத்தி பேசிய ரிசீவரைத்தான் மதியம் வருகிறவள் வாயருகே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சின்ன ஓட்டைகளில் எச்சில் காய்ந்து மஞ்சளாகப் படிந்திருக்கும். டெட்டாலில் நனைத்த பஞ்சால் துடைப்பேன். நாற்றம் போகாது. மேனேஜர் நடராசன் தன் அறையிலிருந்து அதே லைனில் ஒட்டுக் கேட்பார். வாடிக்கையாளர் பேசும்போது நடுவில் அவர் பாக்கு மெல்லும் சத்தம் என் காதுக்குள் கேட்கும். ஒருத்திக்கு ஒரு வாரம் விளம்பரம் குறைந்தால் அவளுடைய நாற்காலியை எடுத்துவிடுவார். நாள் முழுக்க நின்றபடி, இனிமையாகப் பேச வேண்டும். மாதவிலக்கு நாட்களிலும் நின்றிருக்கிறேன். நின்றால் குரல் நன்றாக வரும் என்பது அவர் கருத்து.

மீன்சுருட்டி கண்ணையன் நெல் விவசாயி. அவருக்கும் கலியம்மாளுக்கும் ஒரே மகன், ராஜராஜன். இருபது வயது. புத்தி மட்டும் சின்னப் பிள்ளை வயதோடு நின்றுவிட்டது. ஐப்பசியில் கங்கைகொண்ட சோழபுரத்து அன்னாபிஷேகக் கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டவன், பிறகு கிடைக்கவில்லை. எங்கள் காணவில்லை பக்கத்தில் படத்தோடு விளம்பரம் கொடுத்தார்கள். தகவல் தெரிந்தவர்கள் ஆபீஸ் எண்ணுக்குப் பேச வேண்டும் என்று போடுவது எங்கள் வழக்கம். இல்லாவிட்டால் கண்டவனும் பொய்த் தகவல் சொல்லிப் பெற்றவர்களை அலைக்கழிப்பான்.

இரண்டாவது முறையும் விளம்பரம் போடலாமா என்று நான் கேட்டபோது போதும் என்று கண்ணையன் சொல்லிவிட்டார். அந்த வாரம் என் நாற்காலி போயிருந்தது. விருத்தாசலம் ரயில்வே ஸ்டேஷனில் பையனைப் பார்த்ததாக ஒருவர் பேசினார் என்று சொன்னேன். அப்படி யாரும் பேசவில்லை.

கலியம்மாள் போனை வாங்கிக்கொண்டார். “என்ன பண்ணிட்டு இருந்தானாம்மா?”

“டீ குடிச்சிட்டு இருந்தாராம்மா.”

“அவன் டீ தொடமாட்டானே. பால்தான் குடிப்பான்.”

“பாலாத்தான் இருக்கும்மா. டீக்கடையிலன்னுதான் சொன்னாங்க.”

அதற்குப் பிறகு நான் பால் என்றே சொன்னேன். விருத்தாசலத்துக்குப் போய்த் தேடினார்கள். அடுத்து சேலம், பிறகு திண்டுக்கல். ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு திரும்பியதும் முன்னைவிடப் பெரிய விளம்பரம் கொடுத்தார்கள். எனக்கு நாற்காலி திரும்ப வந்தது. கலியம்மாள் அழும்போது மூக்கை உறிஞ்சுவார். ஈரமான அந்தச் சத்தம் எனக்குக் குமட்டும். ரிசீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்வேனே தவிர, பாதியில் வைத்ததில்லை. நான் மட்டும் இல்லாவிட்டால் அவர்கள் வீட்டிலேயே முடங்கிக் கிடந்திருப்பார்கள். போவதற்கு ஓர் ஊர் இருக்கிறவர்கள் சாப்பிடுவார்கள், தூங்குவார்கள். நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

பொங்கல் சிறப்பிதழுக்கு அரைப்பக்கம் சொல்லியிருந்தார் கண்ணையன். அது அச்சுக்குப் போவதற்குள் அரும்பாவூரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பஸ் நிற்கும் இடத்தில் பரோட்டாக் கடை வைத்திருக்கும் சைபுல்லா பேசினார். பொட்டலம் கட்ட எடுத்த எங்கள் பத்திரிகையில் படத்தைப் பார்த்திருக்கிறார்.

“அந்தத் தம்பி எங்க கடையிலதாங்க இருக்கு. ராஜராஜன்னு பேரு சொல்லுது. அம்மாவத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு.”

அன்று மேனேஜர் லைனில் இல்லை. அவர்மேல் நான் பழி போட மாட்டேன். பையன் சாப்பிடுகிறானா என்று கேட்டேன். நன்றாகச் சாப்பிடுகிறான் என்றார். நல்ல மனிதரிடம்தான் இருக்கிறான் என்று உறுதி செய்துகொண்டேன். மகன் கிடைத்துவிட்டால் யார் விளம்பரம் கொடுப்பார்கள்? அரைப்பக்கம் போனால் நான் பொங்கல் வரை நிற்க வேண்டும். இதழ் அச்சானதும் சொல்லிவிடலாம், சில நாள்தானே என்று நினைத்தேன்.

“வூட்டுக்குத் தகவல் சொல்லிட்டோங்க. அம்மா பஸ்ல வந்துட்டு இருக்காங்க. அதுவரைக்கும் பத்திரமா பாத்துக்குங்க” என்றேன்.

மறுநாள் அவர் திரும்பவும் பேசினார். குரல் சோர்ந்திருந்தது.

“அம்மா வராங்கன்னு சொன்னதுலேருந்து ஒரு பஸ்ஸ விடமாட்டேங்குதுங்க. வண்டி நிக்கறதுக்குள்ள ஓடிப்போய் ஏறிப் பாக்குது. கையப் புடிச்சா உதறிட்டு ஓடுது. சீக்கிரம் வரச் சொல்லுங்க.”

அரியலூரில் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார்கள், அடுத்த பஸ்ஸில் வருகிறார்கள் என்றேன். அதைத் தம்பியிடமும் சொல்லுங்கள், பயப்படாமல் இருக்கும் என்றேன்.

செவ்வாய்க்கிழமை இதழ் அச்சாகிவிட்டது. புதன்கிழமை காலையில் மீன்சுருட்டிக்குப் பேசலாம் என்று ரிசீவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மணியடித்தது. கண்ணையன்தான் பேசினார். துறையூர் பஸ்ஸின் பின்சக்கரத்தில் மகன் மாட்டிக்கொண்டதாகவும், சட்டைப்பையில் இருந்த பத்திரிகைத் துண்டில் பெயரையும் ஊரையும் பார்த்துப் போலீஸ் ஆள் அனுப்பியதாகவும் சொன்னார். பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலேயே உடலை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். சைபுல்லாவைச் சந்திக்கவில்லை. அடக்கம் முடிந்திருந்தது.

கண்ணீர் அஞ்சலி போட வேண்டும் என்றார். கலியம்மாள் போனை வாங்கினார். அன்று அவர் அழவில்லை.

“நீதாம்மா எங்களுக்காக ஊரூரா விசாரிச்ச. இதையும் நீயே போட்டுக் குடு.”

போட்டுக் கொடுத்தேன். வேறு பெண்ணிடம் கொடுத்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. பிறந்த தேதியை இரண்டு முறை சரிபார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அந்த மாதம் ஆபீஸில் அதிக விளம்பரம் பிடித்தவள் என்று எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.

அஞ்சலி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, காரியத்தன்று சைபுல்லா அவர்கள் வீட்டைத் தேடிக்கொண்டு போயிருக்கிறார். வருகிறேன் வருகிறேன் என்று ஏன் வராமலே இருந்துவிட்டீர்கள் என்று கலியம்மாளிடம் கேட்டிருக்கிறார். அதன் பிறகுதான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். சைபுல்லா சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அந்த இரண்டு முறையும் பேசியது நான்தான். பெற்றவர்களுக்குச் சொல்லாததும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கண்ணீர் அஞ்சலிக்கு அவர்கள் கொடுத்த படத்தில் பையனின் கன்னத்தின் குறுக்கே ஒரு மடிப்புக் கோடு விழுந்திருந்தது. படம் திருத்துகிறவரிடம் அதை எடுத்துவிட்டு முகத்தைக் கொஞ்சம் சிரிக்கவைக்கச் சொன்னேன். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. நான் வாங்கவில்லை, மேனேஜரிடமும் சொல்லவில்லை. ஆபீஸுக்குத் தெரியாமல் நான் செய்த தப்பு அது ஒன்றுதான், சார்.